எட்டுக்கால் எறும்பு

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசும் வாய்ப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். காலை முழுக்கக் கற்றல் விளைவுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாதிப் பேருக்குக் கண் செருகுவது இங்கிருந்தே தெரிகிறது. அதனால் பூச்சிக் கதை சொல்கிறேன். தூங்குபவர்கள் தூங்கலாம். ஜன்னலோரம் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பார்த்துச் சாயுங்கள். மேலே மண்ணால் கட்டிய குளவிக்கூடு ஒன்று இருக்கிறது.

அந்தக் கூட்டிலிருந்தே தொடங்கலாம். 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்ற பழமொழியைக் கேட்காமல் நாம் யாரும் வளரவில்லை. எங்கள் கணக்கு வாத்தியார் இதைச் சொல்லிக்கொண்டே குட்டுவார். விலங்கியல் படிக்கப் போன பிறகுதான் கூட்டுக்குள் நடப்பது தெரிந்தது. தாய்க்குளவி புழுவையோ சிலந்தியையோ கொட்டி, சாகவிடாமல் மயக்கி, உள்ளே அடைத்து, முட்டையிட்டு, மண் பூசி மூடிவிட்டுப் போகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு உள்ளே இருப்பதைத் தின்று குளவியாகி வெளியே வருகிறது. புழு ஒருநாளும் குளவி ஆவதில்லை. குளவிக்குச் சாப்பாடு ஆகிறது. கணக்கு வாத்தியாரிடம் இதைச் சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பூச்சி என்றால் பயம். விலங்கியல் படித்து, பி.எட். முடித்து, பதினேழு ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். மெழுகுத் தட்டில் கரப்பான்பூச்சியைக் குத்தி வைத்து அறுத்து மதிப்பெண் வாங்கியவள்தான். அதே கரப்பான்பூச்சி உயிரோடு பறந்து வந்தால் நாற்காலிமேல் ஏறிவிடுவேன். வீட்டில் இன்றுவரை இந்தக் கேலி ஓயவில்லை.

எங்கள் பள்ளி ஒரகடம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. சிங்கபெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும். பள்ளிக்கு ஒருபுறம் தொழிற்சாலையின் சுற்றுச்சுவர், மறுபுறம் ஏரி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியபோது நான் கல்லூரி மாணவி. அதன் பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் விரிந்துகொண்டே வந்தது. நெல் வயல் இருந்த இடத்தில் இப்போது லேடீஸ் ஹாஸ்டல் நிற்கிறது. ஏழாம் வகுப்பில் 32 பேர். அதில் 9 பிள்ளைகளின் வீட்டுமொழி தமிழ் இல்லை. பீகார், ஒடிசா, அசாம், ஆந்திரா என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். மனிதர்கள் இப்படி இடம் மாறினாலும் பூச்சிகளுக்கு யாரும் நிலம் எடுப்பு நோட்டீஸ் கொடுக்கவில்லை. அவை பழைய விலாசத்திலேயே இருக்கின்றன.

ஒரு மழைக்கு மறுநாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜாமெட்ரி பாக்ஸ் நிறைய ஈரமண் கொண்டுவந்தாள். உள்ளே சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்டதுபோல ஆறு பட்டுப்பூச்சிகள். சேலைக்கு நூல் தரும் பட்டுப்பூச்சி இல்லை, மழைக்கு வருமே அது. நாமும் தீப்பெட்டியில் புல் போட்டு வளர்த்திருக்கிறோம். அது புல் தின்னாது என்பது தெரியாமலே வளர்த்தோம். காலை எண்ணச் சொன்னேன். எட்டு. "அப்ப இது பூச்சியே இல்லியா டீச்சர்?" என்றாள். இல்லைதான். பூச்சிக்கு ஆறு கால். எட்டுக்கால் என்றால் சிலந்தி, தேள், உண்ணி வகையறா. அந்த வழியே வந்த தமிழாசிரியர் எட்டிப் பார்த்து, சங்க இலக்கியத்தில் இதற்கு 'மூதாய்' என்று பெயர், முல்லை நிலத்துச் செம்மண்ணில் இது ஊர்வதைப் புலவர்கள் பார்த்துப் பாடியிருக்கிறார்கள் என்றார். மீதி வகுப்பை அவரே எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு பாடவேளை மிச்சம்.

அன்று மாலை சார்ட் ஒன்றில் பெரிதாக எழுதி ஒட்டினேன்: 'எதைப் பார்த்தாலும் முதலில் காலை எண்ணு.' இந்தச் சார்ட்டைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இடையில் ஒரு சிலந்தி செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவியின் அம்மா இரவு ஷிப்ட் கேன்டீனில் வேலை செய்கிறார். ஒருநாள் கழுத்தில் கோடு இழுத்ததுபோலச் சிவந்து கொப்பளித்துவிட்டது. சிலந்தி சிறுநீர் பட்டுவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மாமியார் அக்கி என்றார். மூன்று நாள் காவி பூசி அக்கி எழுதிக்கொண்டார். எரிச்சல் அடங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி லைட்டுக்கு அடியில வேலையா?"

உண்மைக் குற்றவாளி ஒரு சின்ன வண்டு. சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக, பார்த்தால் எறும்போ என்று தோன்றும். பெயர் பெடரஸ். ஈரமான வயலிலும் ஏரிக்கரையிலும் இருக்கும். மழைக்காலத்தில் வெளிச்சம் தேடி வரும். அது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் வந்து உட்கார்ந்ததை நாம் பட்டென்று அடித்து நசுக்குகிறோம் பாருங்கள், அப்போதுதான் அதன் உடல் நீரில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் படுகிறது. கை இழுத்த பக்கமெல்லாம் கோடு விழுகிறது. கொப்புளம் வருவதற்கு ஒரு நாள் ஆவதால் யாருக்கும் வண்டின்மேல் சந்தேகம் வருவதில்லை. மேலே விழுந்தால் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. இவ்வளவுதான். நெல்லைத் தாக்கும் புகையானைத் தின்பதால் உழவர்களுக்கு அது வேண்டப்பட்ட வண்டும்கூட. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அந்தக் கேன்டீனில் பாதிப் பேர் பூச்சியை அடிப்பதை விட்டு ஊத ஆரம்பித்துவிட்டார்களாம். மகள் சொன்ன கணக்கு. கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஏழாம் வகுப்பில் பள்ளி வளாகத்தில் பார்த்த ஏதாவது ஓர் உயிரியை வரைந்து பாகம் குறித்து வரச் சொன்னேன். ஜூன் மாதம் சேர்ந்த பையன் ஒருவன் இருந்தான். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டம். அப்பா வெல்டர், புதிதாக எழும் தொழிற்சாலைகளுக்கு ஷெட் போடும் ஒப்பந்தக்காரரிடம் வேலை. தமிழில் வா, போ, சாப்பாடு, தண்ணி தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஆனால் படம் போட்டால் அச்சு மாதிரி இருக்கும். எங்கள் பள்ளி மாமரத்தின் இலை ஒன்றை நரம்போடு வரைந்து, அதன்மேல் ஒரு செவ்வெறும்பை வரைந்திருந்தான். முசுறு என்போமே, அது. எட்டுக் கால் போட்டிருந்தான். பக்கத்தில் 'எறும்பு' என்று எழுதியிருந்தது.

நான் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'கால்கள் 6' என்று எழுதினேன். அவன் எழுந்தான். நோட்டைக் காட்டித் தலையை ஆட்டி ஏதோ சொன்னான். என் காதில் 'புடியாணி' என்று விழுந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "பிரியாணி கேக்கறான் டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் பத்தடிக்கு ஒரு பிரியாணிக் கடை. அந்த வாசனையில்தான் பிள்ளைகள் தினமும் நடந்து வருகிறார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். மறுநாளிலிருந்து மற்ற பிள்ளைகள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, பிரியாணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் வாயைத் திறப்பதை விட்டுவிட்டான். வருகைப்பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குவான். எனக்கு அது உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று. உறைக்க வைத்தது முசுறுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை. மாமரத்தடியில் இறைவணக்கக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து நடந்துகொண்டிருக்கும்போது மேலிருந்து நாலைந்து முசுறு எங்கள் தலைமை ஆசிரியரின் காலருக்குள் விழுந்துவிட்டன. அவர் எவ்வளவு கட்டுப்பாடானவர் என்று அன்று பார்த்தோம். கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் நீர் வருகிறது, ஆள் மட்டும் அசையவில்லை. கடைசிச் சொல் முடிந்த அந்த நொடியில் அவர் குதித்த குதி இருக்கிறதே, இருநூறு பிள்ளைகளின் ஆயுளுக்கும் போதும். மதியம் என்னைக் கூப்பிட்டார். "மருந்தடிச்சிடலாமா, கிளையையே வெட்டிடலாமா? நீங்க சயின்ஸ், பார்த்துச் சொல்லுங்கம்மா."

பார்க்கத்தானே வேண்டும்? ஏழாம் வகுப்பை அழைத்துக்கொண்டு, நான்கடி தள்ளியே நின்று பார்த்தேன். தாழ்ந்த கிளையில் அவை புதுக்கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலியாகி, இரண்டு இலைகளை இழுத்துச் சேர்க்கின்றன. வேறு சில, வாயில் தங்கள் புழுக்களைப் பிடித்துக்கொண்டு அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்குமாகத் தொட்டுத் தொட்டு எடுக்கின்றன. புழு வாயிலிருந்து பட்டு நூல் வந்து ஒட்டுகிறது. நாம் ஃபெவிகால் ட்யூபைப் பிடிப்போமே, அப்படி. ஒரு பெண் சொன்னாள்: "எங்கம்மா கம்பெனி லைன் மாதிரியே இருக்கு டீச்சர். ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் ஒட்டணும்."

அப்போது யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். அந்தப் பையன். கூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஓர் இலையில் தனியாக ஒரு முசுறு. அதே நிறம், அதே நடை, முன்னால் இரண்டு உணர்கொம்புகளையும் ஆட்டிக்கொண்டு நின்றது. அவன் விரலை அருகே கொண்டுபோனான். முசுறு என்றால் விரலைக் கவ்வியிருக்கும். இது சட்டென்று துள்ளி இலையைவிட்டு விழுந்தது. விழுந்தது தரைக்கு வரவில்லை, ஒரு நூலில் தொங்கி ஆடியது.

எறும்பு நூல் விடுமா? நான் பயத்தை மறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய் எண்ணினேன். உணர்கொம்பு என்று நினைத்தது உணர்கொம்பு இல்லை, தூக்கிப் பிடித்த முன்னங்கால். மொத்தம் எட்டு.

"பிம்புடி நுஹே. புடியாணி," என்றான், மெதுவாக.

மாலையில் அவன் அப்பா வந்தபோது கேட்டேன். ஒடியாவில் பிம்புடி என்றால் எறும்பு. நுஹே, இல்லை. புடியாணி என்றால் சிலந்தி. அன்று வகுப்பில் அவன் எனக்குச் சொன்னது அதுதான். 'எறும்பு' என்று நோட்டில் எழுதியதும் அவன் இல்லை. எழுதத் தெரியாதே என்று பக்கத்தில் இருந்தவன் உதவிக்கு எழுதிக் கொடுத்தது. அவன் சிலந்தியைப் பார்த்து, சிலந்தியை வரைந்து, காலை எண்ணிப் போட்டிருக்கிறான். சார்ட் எழுதி ஒட்டிய நான்தான் எண்ணவில்லை. 'எறும்பு' என்ற சொல்லைப் பார்த்தேன், திருத்திவிட்டேன்.

இரவு உட்கார்ந்து படித்தேன். இது குதிக்கும் சிலந்தி இனம். அறிவியல் பெயர் மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டஸ். நம் மாமரம், கொய்யா, எலுமிச்சை எதில் முசுறு இருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப் பார்க்கலாம். எறும்புக்குத் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி. சிலந்திக்கு இரண்டுதான். ஆனால் இது முன்பகுதியின் நடுவில் இடுப்புபோல ஒடுங்கி, மூன்று பகுதி இருப்பதாகக் காட்டும். பக்கவாட்டில் கறுப்புப் புள்ளி, எறும்பின் கண் மாதிரி. ஆண் சிலந்திக்கு முன்தாடை நீண்டிருக்கும், எதையோ கவ்விக்கொண்டு போகும் எறும்பாகத் தெரியும். ஏன் இத்தனை வேஷம்? முசுறின் கடியும் அமிலமும் தெரிந்த பறவைகளும் மற்ற வேட்டையாடிகளும் அதை விட்டு ஒதுங்கும். அந்தப் பயத்தின் நிழலில் இது பிழைத்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால் முசுறிடம் இந்த வேஷம் செல்லாது. கையில் சிக்கினால் கடித்துக் குதறிவிடும். அதனால் கூட்டத்துக்கு அருகிலேயே இருந்துகொண்டு, யார்மேலும் படாமல் விலகி விலகி நடக்கிறது.

முசுறுபோல இருக்கும் இன்னொரு சிலந்தியும் உண்டு. அமிசியேயா என்ற நண்டுச் சிலந்தி. அதற்கு வயிற்றின் பின்முனையில் இரண்டு கறுப்புப் புள்ளி. பின்பக்கத்தைப் பார்த்தால் முகமாகத் தெரியும். அடிபட்டுத் துடிக்கும் எறும்புபோல நடித்து, என்ன ஆயிற்று என்று விசாரிக்க வரும் முசுறைப் பிடித்துத் தின்றுவிடும். முன்னது பயந்து வேஷம் போடுகிறது, இது ஏமாற்றப் போடுகிறது.

மறுநாள் வகுப்பில், அன்று நான் தவறு செய்தேன், அவன் வரைந்தது சரி என்று சொன்னேன். சொல்வதற்குள் தொண்டை காய்ந்துவிட்டது. பி.எட்.டில் இதற்குப் பயிற்சி கிடையாது. பிறகு கரும்பலகையில் 'சிலந்தி' என்று எழுதி, பக்கத்தில் 'புடியாணி' என்று எழுதினேன். பீகார் பெண் எழுந்து "மக்டி" என்றாள். ஆந்திரப் பையன் "சாலெபுருகு" என்றான். புதியதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். பிரியாணி என்று அன்று கத்திய அதே கடைசி பெஞ்ச், "மாறுவேடச் சிலந்தி டீச்சர்!" என்றது. ஆண்டுவிழாவில் மாறுவேடப் போட்டியில் பரிசு வாங்கிய பையன், அவனுக்குத் தெரியாதா!

அதற்குப் பிறகு ஒடிசாப் பையன் பேசத் தொடங்கினான். பாதி தமிழ், பாதி சைகை. அவர்கள் ஊரில் முசுறைச் சட்னி அரைப்பார்களாம். "காய் சட்னி" என்றான். என்ன காய், கத்தரிக்காயா என்று கேட்டேன். அங்கே அந்த எறும்புக்குப் பெயரே காய். முசுறும் முட்டையுமாக, இஞ்சி, பூண்டு, மிளகாய், உப்புச் சேர்த்து அம்மியில் அரைப்பது. இது விளையாட்டுப் பேச்சு இல்லை. மயூர்பஞ்ச் மாவட்டத்தின் சிமிலிபால் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கிறதே, அதே குறியீடு. 'உவ்வே' என்று வகுப்பு முகம் சுளித்தது. என் பாட்டி மழைக்கு மறுநாள் ஈசலைப் பொறுக்கி வறுத்து அரிசிப் பொரியோடு கலந்து கொடுத்ததையும், நான் டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன தம்பியிடம் பிடுங்கித் தின்றதையும் சொன்னேன். முகச்சுளிப்பு என் பக்கம் திரும்பிவிட்டது. மூன்று பேர் மட்டும், தங்கள் வீட்டிலும் ஈசல் உண்டு என்று கையைத் தூக்கினார்கள்.

தேடிப் படித்ததில் ஒருவரை அறிந்துகொண்டேன், அவரை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. கோபால் சந்திர பட்டாச்சார்யா. 1895-இல் இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. நம்மைப் போலப் பள்ளி ஆசிரியர். மக்கிய செடிகளில் இரவில் தெரியும் ஒளியைப் பற்றி அவர் ஒரு வங்க இதழில் எழுதியதைப் பார்த்து ஜகதீஷ் சந்திர போஸ் தன் ஆய்வு நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கே அவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தவற்றில் நம் முசுறும் உண்டு, எறும்பு வேஷம் போடும் சிலந்திகளும் உண்டு. வங்கத்தின் பூச்சிகளைப் பற்றிச் சொந்த மொழியில் அவர் எழுதிய புத்தகத்துக்கு 1975-இல் ரவீந்திரர் பெயரிலான விருது கிடைத்தது. பட்டம் இல்லை, பெரிய கருவி இல்லை. மரத்தடியில் நின்று பார்த்திருக்கிறார்.

மாமரம் என்ன ஆயிற்று என்பீர்கள். சீனாவில் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பூச்சியிலிருந்து காக்க, 1700 ஆண்டுகளுக்கு முன்பே முசுறுக் கூடுகளைச் சந்தையில் விற்றார்கள், நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "சரிம்மா, மாங்காயை யார் ஏறிப் பறிக்கறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இறைவணக்கம் வேப்பமரத்தடிக்கு மாறியது. மருந்தடிக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து அந்தப் பையன் வரவில்லை. ஷெட் வேலை முடிந்து ஒப்பந்தக்காரர் ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாராம். அப்பாவின் எண்ணுக்கு அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. எமிஸில் எத்தனையோ பேரைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று அந்தப் பட்டனை அழுத்துவதற்கு இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். எந்தப் பள்ளியாவது அவனை அங்கிருந்து எடுத்துக்கொண்டதா என்று இன்னும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன்.

அவனுடைய நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பெருக்கல் குறியை அடித்துச் சரி போட்டு, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவன் எழுதிய 'எறும்பு' என்பதை அவனே அடித்துவிட்டு, கீழே தன் கையால் 'சிளந்தி' என்று எழுதியிருக்கிறான். அதை நான் திருத்தவில்லை.

அடுத்த அமர்வுக்கு நேரமாகிவிட்டது. ஜன்னலோரம் தூங்கியவர்கள் மெதுவாக எழுந்திருங்கள்.